‘லைன்’ என்றொரு சொல்

ஆங்கிலத்தில் நீங்கள் முதன்முதலாகக் கற்ற சொல் எது என்று கேட்டால், பூனைக்கும் நாய்க்கும் பந்துக்கும் உரிய சொற்களையே பலரும் நினைவு கூர்வார்கள். என் விஷயம் வேறு. அரிச்சுவடியைத் தொடுமுன்னரே ஓர் ஆங்கிலச் சொல் என் நாவில் ஏறிக் குடியிருந்தது. அது ஆங்கிலச் சொல் என்று தெரிந்துகொள்ளத்தான் எனக்குப் பதினொரு வயது ஆகவேண்டியிருந்தது.

‘லயம்’ என்பதே அச்சொல். மலைநாட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏனைய இடங்களிலிருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே தகரக் கூரையின் கீழ், சுவரோடு சுவர் ஒட்டிப் பத்துப் பன்னிரண்டு அறைகள் வரிசையாக நிற்கும். ஓர் அறைக்கு ஒரு குடும்பம். அந்த அறைக்குக் ‘காம்பிரா’ என்று பெயர். அது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். வாசலிலுள்ள ஒட்டுத் திண்ணைக்கு ‘இஸ்தோப்பு’ என்று பெயர். அது ஒல்லாந்தர் விட்டுப்போனது. முழுக் கட்டடத்துக்கும் பெயர் ஆங்கிலேயர் கொடுத்தது. ஆக, இந்நாட்டை ஆண்ட மூன்று அந்நியரின் சொற்களும் கூடி எங்களுக்கு ஒரு வீடு கட்டித் தந்தன. வீட்டின் அளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதில் அப்பா, அம்மா, அப்பாயி, அக்கா, தம்பிமார் இருவர், நான் என ஏழு பேர் இருந்தோம்.

1964ஆம் ஆண்டு தைமாதத்தில் தோட்டத்துப் பாடசாலையை முடித்துக்கொண்டு அட்டன் பட்டணத்துப் பாடசாலையொன்றில் சேர்ந்தேன். அங்கே ஆங்கிலம் கற்பித்தவர் மலைநாட்டைச் சேர்ந்தவரல்லர், புதிதாக வந்தவர். ஒருநாள் கரும்பலகையில் ஐந்து சொற்களை எழுதி, ஒவ்வொன்றையும் வைத்து ஒவ்வொரு வாக்கியம் அமைக்கச் சொன்னார். நான்காவது சொல் ‘லைன்’. அதைப் பார்த்ததும் எனக்கு உண்டான மகிழ்ச்சியை இப்போதும் மறக்க முடியவில்லை. மற்ற நான்கும் அந்நியர். இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த முகம். யோசிக்காமல் எழுதினேன்: ‘ஐ லிவ் இன் எ லைன்.’

உபாத்தியாயர் கொப்பியை வாங்கி உரத்து வாசித்தார். வகுப்புச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, உண்மையாகவே விளங்காமல் என்னைப் பார்த்தார். பிறகு வெண்கட்டியால் பலகையில் நீளமாக ஒரு கோடு கிழித்தார்.

“இதுதான் லைன். இதற்குள்ளே நீர் எப்படித் தம்பி குடியிருக்கிறீர்?”

“இல்லீங்க சேர், நாங்க லயத்துலதான்...” என்று தொடங்கினேன். வாக்கியம் தொண்டையில் நின்றுவிட்டது.

“கோட்டுக்கு நீளம் உண்டு, அகலம் இல்லை. யூக்கிளிட் சொன்னது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளும்” என்று சொல்லி, வாக்கியத்தைச் சிவப்பு மையால் வெட்டினார்.

யூக்கிளிட் சொன்னது சரி. நீளம் உண்டு, அகலம் இல்லை: எங்கள் இருப்பிடத்தை இதைவிடச் சுருக்கமாக ஒருவரும் வருணித்ததில்லை. அந்த வேடிக்கையை அன்றைக்கு அனுபவிக்கும் நிலையில் நான் இருக்கவில்லை. பட்டணத்துப் பிள்ளைகள் முன்னிலையில், என் வீட்டுக்கு நான் சொன்ன பெயரே பிழை என்று தீர்ப்பாகிவிட்டது.

அந்த உபாத்தியாயரைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். இல்லாவிடில் அவருக்கு அநியாயம் செய்தவனாவேன். அதே மாசியில் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடந்தது. எங்கள் ஊர்ப் பையன் ஒருவனின் தகப்பனார் அழைத்ததன்பேரில் அவரும் வந்திருந்தார். தேநீர் குடிக்க ஒரு காம்பிராவுக்குள் தலை குனிந்து நுழைந்தார். வெகுநேரம் சுவரையும் கூரையையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. திங்கட்கிழமை என் கொப்பியைத் திரும்ப வாங்கி, வெட்டிய வாக்கியத்துக்கு மேலே ‘சரி’ அடையாளமிட்டு, பத்துக்குப் பத்து என்று எழுதித் தந்தார். வகுப்பில் யாருக்கும் அது தெரியாது.

அன்றிலிருந்து இந்தச் சொல்லின்மேல் எனக்கு ஒரு கண். பிற்காலத்தில் நானே ஆங்கில ஆசிரியனாகி முப்பது வருஷங்களுக்குமேல் அதைக் கொண்டு பிழைத்தவனாகையால், அதன் பூர்வோத்தரத்தைத் தேடவும் வாய்ப்புக் கிடைத்தது. இலத்தீனில் ‘லீனும்’ என்பது ஆளிச் செடியைக் குறிக்கும். அந்தச் செடியின் நாரிலிருந்து திரித்த நூல் ‘லீனியா’. தச்சனும் கொத்தனும் அந்த நூலைப் பிடித்துத்தான் நேர் பார்த்தார்கள். நூல் காட்டிய நேர்வழியே கோடாயிற்று. பிறகு வரிசை, எழுத்தின் வரி, தூண்டிற் கயிறு, துணி காயப்போடும் கொடி, வமிசக் கொடி, பூமத்திய ரேகை, போர்முனை என்று எல்லாம் ஆயிற்று. ஒரு மனிதனுடைய தொழில் என்னவென்று விசாரிப்பதற்கும் ‘உங்கள் லைன் என்ன?’ என்று கேட்கிறார்கள். பாடசாலையில் குறும்பு செய்தால் ‘நூறு லைன் எழுதிக் கொண்டு வா’ என்பதும் இதுவே. வாலிபர்கள் ‘லைன் அடிப்பது’ என்று வேறொரு பொருளிலும் வழங்குகிறார்கள்; அதை அவர்களிடமே கேட்டுக்கொள்க.

ஆங்கிலேயர் ஒருவருக்குத் துரதிர்ஷ்டம் நேர்ந்தால் ‘ஹார்ட் லைன்ஸ்’ என்று அனுதாபம் சொல்வதுண்டு. முதன்முறை அதை ஒரு கதைப் புத்தகத்தில் கண்டபோது, மண்ணால் கட்டிய லயமல்ல, கருங்கல்லால் கட்டிய லயம் என்று பொருள் செய்துகொண்டேன். கதாநாயகனுக்கு நல்ல வீடு கிடைத்துவிட்டதாக எண்ணி இரண்டு பக்கம் சந்தோஷமாகவே வாசித்தேன்.

லைன் எப்படி வீடாயிற்று? படைவீரர்களைத் தங்கவைக்கக் குடிசைகளை நூல் பிடித்தாற்போல வரிசையாக அமைப்பது பட்டாளத்து வழக்கம். அந்த வரிசைகள் ‘லைன்ஸ்’. இந்தியாவின் நகரங்கள் பலவற்றில் பட்டாளத்துக்கு வெளியே ‘சிவில் லைன்ஸ்’ என்றும் பகுதிகள் எழுந்தன. டில்லியில் இன்றும் அந்தப் பெயர் வழங்குகிறது. அங்கே வெள்ளைக்கார உத்தியோகத்தர் பூந்தோட்டம் சூழ்ந்த பெரிய வீடுகளில் வசித்தார்கள். மலைநாட்டிலோ துரை இருந்தது பங்களா, லைன் எங்களுக்கு. ஒரே சொல் பாக்கு நீரிணையைத் தாண்டும்போது தன் பூந்தோட்டத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டது.

கோப்பிக் காலத்தில் லயம் ஒரு தற்காலிகக் கொட்டகையாகவே இருந்தது. கோப்பிப் பழம் பறிப்பதற்குப் பருவம் உண்டு. பருவத்துக்கு வந்தவர்களிற் பலர் அது முடிந்ததும் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். சில மாதங்கள் ஒதுங்க இடம் போதுமென்று தோட்டக்காரர்கள் எண்ணினார்கள். 1869இல் கோப்பிச் செடியை இலைநோய் பிடித்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெயிலர் என்பவர் லூல்கந்துரவில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். தேயிலைக்குப் பருவம் கிடையாது; வருஷம் முழுவதும் கொழுந்து எடுக்கவேண்டும். ஆகவே வந்தவர்கள் திரும்பவில்லை. கொட்டகை நிரந்தரமாயிற்று, அளவு மட்டும் கொட்டகையின் அளவாகவே நின்றுவிட்டது.

எங்கள் வாயில் ‘லைன்’ முதலில் ‘லயன்’ ஆயிற்று. பிறகு ‘லயம்’ ஆயிற்று. ‘லயன்’ என்றால் சிங்கம் என்றும் ஆகுமாதலால், சிங்கக் கூட்டில் பிறந்தவர்கள் நாங்கள் என்று தம்பிமாரிடம் பெருமையடித்ததுண்டு. அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள புகையிரதச் சுரங்கத்துக்குச் சிங்கமலைச் சுரங்கம் என்று பெயர் இருந்தது எனக்குப் பெரிய சாட்சியாயிற்று. நூல் தந்த செடிக்கு ஆளி என்று பெயர் சொன்னேனல்லவா? பழந்தமிழில் ஆளி என்பது சிங்கத்தையும் குறிக்கும். இது வெறும் தற்செயல்தான். ஆனாலும் இப்படிப்பட்ட தற்செயல்களைச் சேகரித்து வைத்துக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது.

‘லயம்’ என்பதோ நம் காதுக்கு ஏற்கெனவே பழக்கப்பட்ட சொல். சங்கீத வித்துவான்களுக்கு அது தாளத்தின் காலக்கட்டு. வேதாந்திகளுக்கு ஒன்றில் ஒன்று கரைந்துபோதல். இவ்விரண்டும் அறிந்த ஒரு பெரியவர், “லயத்தில் இருக்கிறேன் என்கிறாயே, எந்தத் தாளம்?” என்று என்னைக் கேலி செய்ததுண்டு. தாளம் இருக்கத்தான் செய்தது. விடியுமுன் பிரட்டுக்கு அழைக்கும் தப்பு. அதன்பின் வரிசையாகப் பன்னிரண்டு கதவுகள் திறக்கும் ஓசை. ஒரு காம்பிராவில் குழந்தை இருமினால் அடுத்த காம்பிராவில் தாய் எழுந்து உட்காருவாள். கரைந்துபோவதும் அதிகம் இல்லாமலில்லை. யார் வீட்டுச் சண்டை, யார் வீட்டுக் குழம்பு, யார் வீட்டு ஒப்பாரி என்று பிரித்தறிய முடியாது. ஒரு காலை நீட்டினால் ‘லாயம்’ ஆகிவிடும் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. பல துரைமாரின் குதிரை லாயம் எங்கள் காம்பிராவைவிட விசாலமாக இருந்தது என்று அப்பாயி சொல்லுவாள்.

ஒன்றைக் கவனித்திருக்கிறேன். தேயிலைச் செடிகளும் வரிசை வரிசையாகவே நிற்கின்றன. ஆங்கிலேயர் அவற்றை என்ன பெயரிட்டு அழைத்தாலும், நாங்கள் ‘நிரை’ என்றே சொன்னோம். காலையில் மலைக்குப் போனதும் கங்காணி ஆளுக்கொரு நிரை பிடித்துக் கொடுப்பார். நிரை என்பது அழகான தமிழ்ச் சொல். பழைய இலக்கியங்களில் பயில்வது. வேலை செய்யும் இடத்துக்கு எங்கள் சொல் இருந்தது; படுத்துறங்கும் இடத்துக்கு அவர்கள் சொல்லே வந்து சேர்ந்தது. செடியை நாங்கள் எங்களுடையதாகவும், வீட்டை அவர்களுடையதாகவும் எண்ணியதால் இப்படியாயிற்றோ என்று சில சமயம் நினைப்பதுண்டு. நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

லைனுக்குத் தமிழ் சொல்லப்போனாலும் சங்கடம்தான். ‘வரி’ என்றால் எழுத்து வரிசையும் ஆகும். அரசாங்கத்துக்குக் கட்டுவதும் ஆகும். ‘கோடு’ என்றால் கிழிப்பதும் ஆகும்; மலையும் ஆகும்; இலங்கைப் பேச்சில் நீதிமன்றமும் ஆகும். என் உபாத்தியாயர் பலகையில் கிழித்த கோட்டுக்குள் நான் குடியிருக்கவில்லை. ஆனால் மலையாகிய கோட்டில் குடியிருந்தேன். இந்தப் பதில் எனக்குத் தோன்றியபோது நாற்பது வயது கடந்துவிட்டது. அவரும் அப்போது உயிரோடில்லை.

இனி நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன்.

1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பான்மையோர் நாடற்றவராயினர். 1949இல் இந்திய பாகிஸ்தானியருக்கென வேறொரு சட்டம் வந்தது. அதன்படி மனுச் செய்வதற்கு 1951 ஓகஸ்ட் வரை தவணை இருந்தது. அப்பாவும் மனுச் செய்தார். அவர் இங்கேயே பிறந்தவர். ஆனால் பிறந்ததற்குக் கடதாசி வேண்டும், குடியிருந்ததற்குக் கடதாசி வேண்டும். விசாரணைக்கு வரும்படி கடிதம் அனுப்புவோம் என்றார்கள். அப்பா காத்திருந்தார்.

கடிதம் வந்தது, அப்பாவிடம் வரவில்லை. அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் பயனில்லை, எங்கள் தோட்டத்தில் அந்தப் பெயரோடு ஐந்து பேர் இருந்தார்கள். கடிதத்தின் மேல் பெயரும் தோட்டமும் தபாற் கந்தோரும் மட்டுமே இருந்தன. தப்பால்காரர் பட்டணத்திலிருந்து பையைச் சுமந்து வருவார். தோட்டத்து ஆபீசில் அது பிரிக்கப்படும். கங்காணிமார் கையில் கொடுத்தனுப்பப்படும். அப்பாவின் கடிதம் மேற்கணக்கில் அதே பெயருள்ள ஒருவரின் காம்பிராவுக்குப் போயிற்று. அவர் எழுத்தறியாதவர், அரசாங்கக் கடதாசியென்று பயபக்தியோடு சாமிப்படத்துக்குப் பின்னால் சொருகி வைத்துவிட்டார். மாரியம்மன் திருவிழாவுக்குப் படத்தை இறக்கித் துடைத்தபோதுதான் அது வெளிப்பட்டது. விசாரணைத் தினம் சென்று ஏழு வாரம் ஆகியிருந்தது.

‘சமுகமளிக்கவில்லை’ என்று மனுத் தள்ளப்பட்டது. அப்பா இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் கரித்துண்டை எடுத்து, எங்கள் காம்பிராக் கதவில் ‘5’ என்று பெரிதாக எழுதினார். தபால் இலாகாவுக்கு அந்த ஐந்து தெரியாது, தெரிவிக்க வழியுமில்லை. மழைக்கு அழியும்போதெல்லாம் அவர் மறுபடி எழுதுவார். ‘நம்பர் அஞ்சு’ என்பது பின்னர் அவருக்குப் பட்டப்பெயராகவே நிலைத்துவிட்டது.

என் வாக்கியம் வெட்டுப்பட்ட அதே 1964இல், ஒக்டோபர் 30ஆம் திகதி, சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் டில்லியில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்வது. (அந்த மீதியை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.) இப்படியொரு கோடு தேசப்படத்தில் விழவில்லை, லயத்தின் நடுவே விழுந்தது. மூன்றாங் காம்பிரா இந்தியாவுக்கு, நான்காங் காம்பிரா இலங்கைக்கு என்று ஆயிற்று. சில இடங்களில் ஒரே காம்பிராவுக்குள்ளும் விழுந்தது. அக்காவைப் பக்கத்துத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் கணவர் வீட்டார் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தார்கள். அப்பா இங்கேயே இருப்பதென்று மறுபடி மனுப்போட்டார்.

1972இல் அக்கா புறப்பட்டாள். அட்டன் நிலையத்துக்குப் புகையிரதம் வந்தது 1884இல். கோப்பியைக் கீழே இறக்குவதற்கென்று திட்டமிட்ட பாதை மேலே ஏறி முடிவதற்குள் கோப்பி அழிந்து, தேயிலை அதற்கு வாரிசாயிற்று. மறு வருஷம் நானுஓயா, 1924இல் பதுளை. ‘மெயின் லைன்’ என்பது அதன் பெயர். கொழுந்து தூளாகிப் பெட்டியிலேறிக் கொழும்புக்குப் போன அந்த லைனில், 1970ஆம் ஆண்டுகளில் மனிதர்கள் தகரப் பெட்டிகளோடு ஏறினார்கள். மெயின் லைனில் பொல்காவலை வரை, அங்கிருந்து வடக்கு லைன், மதவாச்சியில் பிரிந்து தலைமன்னார் லைன், பிறகு கப்பல். ஏறுவோரும் ஏற்றிவிடுவோரும் அழுத அழுகையால் அந்தக் கோச்சிக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயர் வந்தது. புகையிரதம் அசைந்தபோது அக்கா யன்னலால் கையை நீட்டி, “தம்பி, அப்பா கதவுல நம்பர் அழிஞ்சா நீ எழுதிப்புடு” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

நான்கு மாதங்கழித்து நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பக்கத்திலிருந்து கடிதம் வந்தது. தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டமொன்றில் அவர்களுக்கு வேலை. “தம்பி, இங்கயும் கொழுந்துதான். இங்கயும் நம்மள லைன்லதான் வச்சிருக்காங்க. ஒரே வித்தியாசம், அங்க நம்மள இந்தியாக்காரன்னு சொன்னாங்க, இங்க சிலோன்காரங்கன்னு சொல்றாங்க” என்று எழுதியிருந்தாள். அவளை ஒருமுறை பார்க்கப் போனபோது, கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும்கூட ஒரே முற்றத்தைச் சுற்றியோ ஒரே வரிசையிலோ கட்டி வாடகைக்கு விட்ட சிறு வீடுகளை ‘லைன் வீடு’ என்றே மக்கள் சொல்வதைக் கேட்டேன். எனக்கு ஏதோ சொந்தக்காரனைச் சந்தைக்கூட்டத்தில் கண்டதுபோல இருந்தது.

எங்களுக்கு 1976இல் இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது. பின்னர் எனக்கு ஆசிரிய நியமனமும் கிடைத்தது. அப்பா அந்தப் பத்திரத்தைச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைக்கச் சம்மதிக்கவேயில்லை.

1986இல் அம்மா காலமானார். அப்போது தலைமன்னார்க் கப்பல் நின்றுபோயிருந்தது, வடக்கே யுத்தம். அக்காவின் குடியிருப்புக்கருகே ஒரு மளிகைக் கடையில் தொலைபேசி உண்டு. அட்டன் தபாற் கந்தோரில் அழைப்புக்குப் பதிவு செய்துவிட்டுக் காலை எட்டு மணியிலிருந்து வாங்கில் உட்கார்ந்திருந்தேன். மணிக்கொருமுறை போய்க் கேட்பேன். “லைன் இல்லை” என்பார் அங்கிருந்தவர். பிறகு, “லைன் இருக்கிறது, கிடைக்கவில்லை” என்பார். மாலை நான்கு மணிக்கு, “லைன் வந்து அறுந்துவிட்டது” என்றார். அவர்மேல் குற்றமில்லை. அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் இலக்கண சுத்தமாக இருந்தது. சொல்லின் எத்தனையோ பொருள்களில் அதுவும் ஒன்று. அம்மாவை அடக்கம் செய்து மூன்றாம் நாள்தான் என் தந்தி அக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது.

வகுப்பில் நானும் ஆண்டுதோறும் ஐந்து சொற்கள் எழுதிப்போட்டேன். நான்காவதாக ‘லைன்’ என்பதையே எழுதுவேன். என்னெதிரே இருந்த பிள்ளைகளில் முக்காற்பங்கினர் லயத்திலிருந்து வந்தவர்கள். யாராவது ஒருவர் அந்த வாக்கியத்தை எழுதுவார் என்று காத்திருந்தேன். ‘அது நேரான கோடு’ என்று எழுதினார்கள். ‘நாங்கள் வரிசையில் நிற்கிறோம்’ என்று எழுதினார்கள். கெட்டிக்காரப் பையன் ஒருவன் பூமத்திய ரேகையைக்கூட எழுதினான். அவர்கள் என்னைவிட விவேகிகள். எதை எழுதக்கூடாது என்பது அவர்களுக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது. 1998ஆம் ஆண்டென்று நினைக்கிறேன், பின்வாங்கில் இருக்கும் ஒரு சிறுமி, ‘என் பாட்டி லைனில் பிறந்தாள், என் அம்மா லைனில் பிறந்தாள், நான் லைனில் பிறந்தேன்’ என்று மூன்று வாக்கியம் எழுதியிருந்தாள். இறந்தகால வினை மூன்று இடத்திலும் பிழை. நான் பத்துக்குப் பத்துப் போட்டேன். பிழையைத் திருத்தவும் செய்தேன், சம்பளம் வாங்குகிறவனல்லவா?

2020இல் கொரோனாவுக்காகப் பாடசாலைகள் பூட்டப்பட்டபோது இந்தச் சொல் புதுவேஷம் போட்டுக்கொண்டு மறுபடி வந்தது. ‘ஒன்லைன்’ வகுப்பு என்றார்கள். எனக்குப் பேத்தி முறையான ஒரு பிள்ளை உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். லயத்துக்குள் கைத்தொலைபேசிக்கு அலை எட்டவில்லை. மாடசாமி கோயில் மேட்டில் ஒரு பாறையின்மேல் மட்டும் எட்டியது. குடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு சாக்கைப் போர்த்துக்கொண்டு, அட்டைக்கடிக்கு உப்பைத் துணியில் முடிந்துகொண்டு அங்கே போய் உட்காருவாள். “ஏம்மா, எங்கே போகிறாய்?” என்று கேட்டேன். “லைன்ல இருந்தா ஒன்லைன்ல இல்ல தாத்தா” என்றாள். நான் முப்பது வருஷம் கற்பித்தும் இத்தனை நயமான வாக்கியம் என் வகுப்பில் பிறக்கவில்லை.

காலம் மாறிக்கொண்டுதான் வருகிறது. 2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி நோர்வூட்டுக்கு வந்து, முன்னர் ஒப்புக்கொண்டவற்றுக்கு மேலாக இன்னும் பத்தாயிரம் வீடுகள் கட்டித்தரப்படும் என்று அறிவித்தார். குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி என்பது அப்போது எல்லார் வாயிலும் இருந்த கணக்கு. ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடிக்குச் சற்று அதிகம். ஏழு பேர்ச் ஏறத்தாழ 1,900 சதுர அடி. எங்கள் காம்பிராவோ 120. பதினாறு காம்பிரா கொள்ளும் நிலத்தை ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கிறார்களே என்று அப்பா இருந்தால் கணக்குப் பார்த்துப் பயந்திருப்பார். ஆயினும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இன்னும் லயத்திலேயே இருக்கின்றன. ஒரு காம்பிராவில் மின்கசிவு உண்டானால் கூரை வழியே தீ ஓடி முழு லயமும் எரிந்துபோகும் செய்தியை நாம் வருஷந்தோறும் வாசிக்கிறோம். தனி வீட்டுக்குப் போனவர்களும் “லயத்துக்குப் போய்ட்டு வாறேன்” என்றுதான் தங்கள் புதுவீட்டுக்குப் புறப்படுகிறார்கள், பழக்கம் விடவில்லை.

நான் இப்போது அட்டன் பட்டணத்தில் இலக்கமும் வீதியுமுள்ள ஒரு வீட்டில் இருக்கிறேன். அக்கா எண்பதை நெருங்கிவிட்டாள், கண் மங்கல். அவளுடைய பேரன் ஞாயிற்றுக்கிழமைகளில் கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேச வைக்கிறான். போன தைப்பொங்கலன்று தோட்டத்துக்குப் போயிருந்தபோது, “நம்ம லயத்தக் காட்டு தம்பி” என்றாள். தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றேன். பாதிக் கூரை இல்லை. மூன்று காம்பிராக்களில்தான் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் வெளியே வந்து, யாரென்று தெரியாமலே அக்காவுக்குக் கை காட்டினார்கள்.

“நம்ம காம்பிரா எது?”

“இதுதான் அக்கா.”

“இது இல்ல. நீ அந்தப் பக்கமிருந்து எண்ணுற. பீலிப் பக்கமிருந்து எண்ணு.”

நான் தண்ணீர்ப் பீலியருகே போய் நின்று, முதற் கதவிலிருந்து தொடங்கினேன். அங்கே கூடலூரில் அவளும் என்னோடு சேர்ந்து உரக்க எண்ணிக்கொண்டே வந்தாள். நாலு என்றபோது சிக்கல் உண்டாகி அவள் முகம் அசையாமல் நின்றது. குரல் மட்டும் கேட்டது.

“அஞ்சு. கதவுல பாரு, இருக்கா?”